ஓட்டு யாருக்கு? குழந்தைகளே தேர்ந்தெடுக்கும் புத்தக விருதுகள் பற்றிச் சில குறிப்புகள்

குழந்தைகள் புத்தகங்களுக்கான விருதுகளை இரண்டாகப் பிரிக்கலாம். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்யும் விருது ஒரு வகை. குழந்தைகளே படித்து, குழந்தைகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் விருது இன்னொரு வகை. முதல் வகை நமக்கு நல்லாவே தெரியும். இரண்டாவது வகை வட அமெரிக்காவில் எண்பது வருடங்களுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால் நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை இங்கே தொகுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இதை 'விருது' என்று சொல்வதே கொஞ்சம் திசை திருப்பும். உண்மையில் இது பள்ளி நூலகமும் பொது நூலகமும் சேர்ந்து பல மாதங்கள் நடத்தும் ஒரு வாசிப்புத் திட்டம். கடைசியில் ஒரு புத்தகத்துக்கு விருது கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஓட்டு இல்லையென்றால் மொத்தத் திட்டமும் 'நல்ல புத்தகங்கள் படியுங்கள் குழந்தைகளே' என்ற வழக்கமான அறிவுரையாகப் போயிருக்கும்.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் நியூபெரி மெடல் 1922இல் தொடங்கியது. குழந்தை இலக்கியத்துக்கென்று தனியாகக் கொடுக்கப்பட்ட விருதுகளில் மிகப் பழையது அதுதான். அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று கூடி முடிவு செய்கிறது. இந்த விருது பிரபலமான புத்தகத்துக்கு என்றோ, நல்ல போதனை சொல்லும் புத்தகத்துக்கு என்றோ கொடுக்கப்படுவதல்ல என்று அதன் விதிமுறையிலேயே இருக்கிறது. இலக்கியத் தரம் மட்டுமே கணக்கு.

இது நல்ல விதிதான். ஆனால் இதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. பெரியவர்களுக்குப் பிடித்த புத்தகம் குழந்தைகளுக்கும் பிடிக்கணும்னு கட்டாயம் இல்லையே! 2008இல் குழந்தை இலக்கிய விமர்சகர் அனிதா சில்வி, நியூபெரி வழி தவறிவிட்டதா என்று கேட்டு 'ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். சமீபத்தில் விருது வாங்கிய புத்தகங்களைக் குழந்தைகள் எடுத்துப் படிப்பதில்லை என்று நூலகர்களே அவரிடம் சொல்லியிருந்தார்கள். பெரிய விவாதம் ஆனது.

ஆனால் இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1940இல் சியாட்டில் நகரத்துப் புத்தகக் கடைக்காரர் ஹாரி ஹார்ட்மன் முன்னெடுப்பில், பசிபிக் வடமேற்கு நூலகச் சங்கம் 'யங் ரீடர்ஸ் சாய்ஸ்' விருதைத் தொடங்கியது. ஓட்டு முழுக்கக் குழந்தைகளுடையது. முதல் விருது டெல் மெக்கார்மிக் எழுதிய பால் பன்யன் கதைகளுக்குப் போனது. அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களும், எல்லைக்கு அந்தப்பக்கம் கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களும் சேர்ந்து நடத்தும் விருது இது.

பிறகு கான்சஸ் மாநிலத்தில் 1952இல் வில்லியம் ஆலன் வைட் விருது வந்தது. வெர்மான்ட்டில் 1957, டெக்சாஸில் 1979, கனடாவின் ஒன்டாரியோவில் 1994. இன்றைக்கு அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஒன்றாவது இருக்கிறது.

பெரியவர்களும் குழந்தைகளும் எப்போதும் எதிரெதிர் பக்கம் நிற்பார்கள் என்றும் சொல்ல முடியாது. எலிசபெத் யேட்ஸ் எழுதிய, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒரு மனிதரின் வரலாறான 'ஏமாஸ் ஃபார்ச்சூன், ஃப்ரீ மேன்' 1951இல் நியூபெரி வாங்கியது. 1953இல் கான்சஸ் குழந்தைகள் தங்கள் முதல் விருதை அதே புத்தகத்துக்குத்தான் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஜூடி ப்ளூம். தலைமுறை தலைமுறையாக அமெரிக்கக் குழந்தைகள் தேடித்தேடிப் படித்த எழுத்தாளர். அவருக்கு நியூபெரி கிடைத்ததே இல்லை. அவருடைய 'சூப்பர்ஃபட்ஜ்' 1982இல் டெக்சாஸ் குழந்தைகளின் விருதை வாங்கியது.

ஒரு வருடம் எப்படிச் சுற்றுகிறது

டெக்சாஸ் புளூபானெட் விருதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். புளூபானெட் என்பது அந்த மாநிலத்தின் மலர். மாநில நூலகச் சங்கம் நடத்துகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு.

முதல் கட்டம், பட்டியல். நூலகர்கள் கொண்ட குழு ஒன்று சமீப வருடங்களில் வந்த புத்தகங்களைப் படித்து 20 புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கிறது. இதைத்தான் மாஸ்டர் லிஸ்ட் என்கிறார்கள். கதை மட்டும் இல்லை. வாழ்க்கை வரலாறு, அறிவியல், கவிதை, படக்கதை எல்லாம் கலந்திருக்கும். மெல்லிசும் இருக்கும், தடிமனும் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் கைக்கு எட்டும்படி ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

'குழந்தைகள் ஓட்டுன்னு சொல்லிட்டு, பட்டியலைப் பெரியவங்களே போட்டா எப்படி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டியலே இல்லாமல் 'உனக்குப் பிடித்த புத்தகத்தைச் சொல்லு' என்று கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சினிமாவாக வந்த புத்தகம், பெரிய பதிப்பகம் விளம்பரம் செய்த தொடர், இவைதான் ஒவ்வொரு வருடமும் ஜெயிக்கும். அதிகம் தெரியாத எழுத்தாளரின் நல்ல புத்தகம் ஒரு குழந்தையின் கைக்குப் போகவே போகாது. பட்டியல் அந்தப் புத்தகத்தை மாநிலம் முழுக்க உள்ள நூலக அலமாரிகளில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அங்கிருந்து அதன் பாடு, குழந்தையின் பாடு.

இரண்டாவது கட்டம், பிரதிகள். பட்டியல் முன்கூட்டியே வெளியாவதற்குக் காரணமே இதுதான். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க நேரம் வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். சிறிய எழுத்தாளருக்கு இந்தக் கட்டமே பெரிய வரம். விருது கிடைக்காவிட்டாலும், பட்டியலில் வந்துவிட்டாலே ஆயிரக்கணக்கான நூலகங்களில் புத்தகம் போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது கட்டம், படிப்பது. இங்கேதான் நூலகர் உழைப்பு முழுக்க இருக்கிறது. வகுப்புக்குப் போய் ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்வார்கள். முடிவைச் சொல்லாமல், சரியான இடத்தில் நிறுத்திவிடுவார்கள். இதை 'புக் டாக்' என்கிறார்கள். நம்ம ஊர் கதைசொல்லிகளுக்குப் புரியும், எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று.

நான்காவது கட்டம், ஓட்டு. ஜனவரி மாதக் கடைசிக்குள் குறைந்தது ஐந்து புத்தகங்களைப் படித்த குழந்தை, ஒரே ஒரு புத்தகத்துக்கு ஓட்டுப் போடலாம். பள்ளி நூலகரோ பொது நூலகரோ ஓட்டுகளை எண்ணி மாநிலச் சங்கத்துக்கு அனுப்புகிறார்கள். 1981இல் முதல் முறை எண்ணியபோது ஜெயித்தது பெவர்லி கிளியரியின் 'ரமோனா அண்ட் ஹெர் ஃபாதர்'. அப்பாவுக்கு வேலை போய்விட்ட ஒரு வீட்டில், ஏழு வயதுச் சிறுமி என்ன பாடுபடுகிறாள் என்பதுதான் கதை. குழந்தைகளை விட்டால் வெறும் சிரிப்புக் கதைக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தா, இரண்டா, எல்லாமா?

எனக்கு இந்தத் திட்டங்களில் ரொம்பப் பிடித்த பகுதி இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான். பார்க்கச் சின்ன விதி. ஆனால் திட்டத்தின் குணமே இதில் மாறிவிடுகிறது.

டெக்சாஸில் 20க்கு 5. ஒன்டாரியோவில் ஒரு பிரிவுக்குப் பொதுவாக 10 புத்தகங்கள், அதில் 5. வெர்மான்ட்டில் ரொம்ப காலம் 30க்கு 5. கான்சஸிலும் பசிபிக் வடமேற்கிலும் இரண்டு படித்தாலே போதும்; யாராவது படித்துக் காட்டிக் கேட்டிருந்தாலும் கணக்கில் சேரும். கலிஃபோர்னியா மட்டும் நேர் எதிர். அங்கே ஒவ்வொரு பிரிவிலும் சில புத்தகங்கள்தான், ஆனால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாவற்றையும் படித்தால்தான் ஓட்டு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் 'அ' என்று ஒரு புத்தகம். மெல்லிசு, படம் நிறைய. 200 குழந்தைகள் படிக்கிறார்கள். அதில் 60 பேர் அதற்கு ஓட்டுப் போடுகிறார்கள். 'ஆ' என்று இன்னொரு புத்தகம், 300 பக்கம். 50 குழந்தைகள்தான் முடித்தார்கள். அதில் 30 பேர் அதற்கே ஓட்டு. எண்ணிக்கையில் 'அ' ஜெயித்துவிட்டது. ஆனால் படித்தவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று பார்த்தால் 'அ' 30 சதவீதம், 'ஆ' 60 சதவீதம்!

அதாவது குறைந்தபட்ச எண்ணிக்கை முறையில், எது அதிகம் படிக்கப்படுகிறதோ அதற்கே சாதகம். கலிஃபோர்னியா முறையில் இந்தப் பிரச்சினை இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள், ஒப்பிட்டுத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மெதுவாகப் படிக்கும் குழந்தை ஒரே ஒரு புத்தகத்தில் தேங்கினாலும் ஓட்டு போச்சு. பட்டியலையும் பெரிதாக வைக்க முடியாது.

இரண்டு போதும் என்ற கான்சஸ் விதியில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை, இவர்களுக்கும் ஓட்டு கிடைக்கிறது. ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டியதைக் கேட்ட பிள்ளையும் வாக்காளர்தான். கதை மனசுக்குள் போனதா என்பதுதான் கேள்வி. கண் வழியாகப் போனதா காது வழியாகப் போனதா என்பது இல்லை.

எது சரியான எண்? எனக்குத் தோன்றுவது, இதற்குப் பொதுவான பதில் கிடையாது. சரியான புத்தகம் ஜெயிக்கணும்னா கலிஃபோர்னியா விதி. நிறையப் பிள்ளைகள் உள்ளே வரணும்னா கான்சஸ் விதி. மற்றவர்கள் நடுவில் நிற்கிறார்கள்.

பள்ளி நூலகம் மட்டும் போதாதா?

போதாது என்பதற்கு ஒன்டாரியோவில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

ஒன்டாரியோ நூலகச் சங்கம் நடத்தும் திட்டத்துக்கு 'ஃபாரஸ்ட் ஆஃப் ரீடிங்' என்று பெயர், வாசிப்புக் காடு. ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு மரத்தின் பெயர். சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகங்களுக்கு 'ப்ளூ ஸ்ப்ரூஸ்', அடுத்து 'சில்வர் பிர்ச்', ஏழாம் எட்டாம் வகுப்புக்கு 'ரெட் மேப்பிள்', உயர்நிலைப் பள்ளிக்கு 'ஒயிட் பைன்'. எல்லாம் கனடா எழுத்தாளர்களின் புத்தகங்கள். குளிர்காலத்தில் படித்து, வசந்தத்தில் ஓட்டுப் போட்டு, மே மாதம் டொராண்டோவில் விழா. எழுத்தாளர்கள் மேடைக்கு வரும்போது பிள்ளைகள் போடும் சத்தம் நம்ம ஊர் முதல் நாள் முதல் காட்சி மாதிரி இருக்கும்.

2006இல் சில்வர் பிர்ச் பட்டியலில் டெபோரா எல்லிஸ் எழுதிய 'த்ரீ விஷஸ்' இருந்தது. பாலஸ்தீனக் குழந்தைகளும் இஸ்ரேல் குழந்தைகளும் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சொல்லும் நேர்காணல்களின் தொகுப்பு. இந்த வயதுக் குழந்தைகளுக்கு இது பொருத்தமில்லை என்று கனடிய யூதக் காங்கிரஸ் ஆட்சேபம் தெரிவித்தது. டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் அந்தப் புத்தகத்தை ஏழாம் வகுப்பு முதல் மட்டும் என்று கட்டுப்படுத்தியது. சில்வர் பிர்ச் அப்போது நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிரிவாக இருந்தது. ஆக, யார் ஓட்டுப் போட வேண்டுமோ, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கே அவர்கள் பள்ளி நூலகத்தில் புத்தகம் கிடைக்காது!

நூலகச் சங்கம் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. பள்ளி வாரியத்தின் கட்டுப்பாடு பள்ளிகளுக்குள்தான் செல்லும். பொது நூலகம் வேறு நிர்வாகம், வேறு விதி. படிக்க விரும்பும் பிள்ளை தெரு முனையில் இருக்கும் பொது நூலகத்துக்கு நடந்து போகலாம்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. இரண்டு வகை நூலகங்களும் சேர்ந்து நடத்துவது ஏதோ நிர்வாக வசதிக்காக என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும். அந்த வசதியும் உண்மைதான். பள்ளி மூடும் கோடை விடுமுறையில் பொது நூலகம் திறந்திருக்கிறது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நூலகமே இல்லை. நூலகரே இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஊர் நூலகம்தான் கதி. ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும். ஓட்டுரிமை என்று ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால், வேட்பாளரைப் பார்க்கவே விடமாட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி இரண்டு வழியாவது வேண்டும்.

அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் போரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. ஆனால் அந்தப் புத்தகத்தில் பேசுபவர்களும் பிள்ளைகள்தானே. அவர்கள் அதை வாழ்ந்துவிட்டார்கள். இங்கே இருப்பவர்கள் படிக்கக்கூடாதா என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் எங்கும் கிடைக்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது

வெர்மான்ட் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாநிலத்தின் விருது அறுபது வருடங்களுக்கு மேல் எழுத்தாளர் டோரத்தி கேன்ஃபீல்ட் ஃபிஷர் பெயரில் இருந்தது. அவருக்கு இனமேம்பாட்டு இயக்கத்தோடு இருந்த தொடர்பு பற்றியும், அவருடைய எழுத்தில் அபெனாக்கி பழங்குடியினரும் பிரெஞ்சு கனடியர்களும் காட்டப்பட்ட விதம் பற்றியும் கேள்விகள் எழுந்தன. அவரை ஆதரித்தும் பலர் பேசினார்கள். 2019இல் மாநில நூலகத் துறை பெயரை மாற்ற முடிவு செய்தது. 2020இல் வந்த புதிய பெயர் 'கோல்டன் டோம்'; மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் தங்கக் குவிமாடத்தைக் குறிப்பது. அந்தப் பெயரையும் பிள்ளைகளிடமே ஓட்டுக்கு விட்டார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

இப்படி ஒரு திட்டம் எங்கே கெடும்? பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். 'படிச்சியா இல்லையான்னு எப்படித் தெரியும்?' என்று ஒருவர் ஆரம்பிப்பார். உடனே ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்துக் கேள்வி. அப்புறம் மதிப்பெண். அப்புறம் எந்த வகுப்பு முதலிடம் என்று ஒரு பலகை. இரண்டே வருடத்தில் அது இன்னொரு பரீட்சை ஆகிவிடும். பிள்ளையை நம்பி, 'படிச்சேன்' என்று சொன்னால் ஏற்றுக்கொண்டு ஓட்டுச்சீட்டைக் கொடுத்துவிடுவதுதான் நல்லது. நாலு பேர் படிக்காமலே ஓட்டுப் போடுவார்கள். போடட்டுமே. தேர்வுக்காகப் படிக்கும் நானூறு பேரைவிட அது சின்ன நஷ்டம்தான்.

இன்னொன்று, பிள்ளை எதற்கு ஓட்டுப் போட்டது என்று ஆசிரியர் பார்ப்பது. ரகசிய ஓட்டு என்றால் ரகசிய ஓட்டுதான், எட்டு வயதாக இருந்தாலும்.

நம் பக்கம்

தமிழில் குழந்தை எழுத்துக்குப் பெரிய தேசிய அங்கீகாரம் என்றால் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார். 2010 முதல் தருகிறார்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இலும், யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' 2024இலும் வாங்கின. முடிவு செய்வது பெரியவர்களின் நடுவர் குழு. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் புத்தகங்களை எந்தப் பிள்ளைகள் படித்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது அந்த முறையில் எங்கும் பதிவாவதில்லை.

அடித்தளம் நம்மிடம் இல்லாமல் இல்லை. பொது நூலகங்களுக்கென்று சட்டம் 1948லேயே சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலையில் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறது. புத்தகமும் இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. பிள்ளையின் கருத்தைக் கேட்டு எண்ணிப் பார்க்கும் அந்த ஒரு படி மட்டும்தான் பாக்கி. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே குறைதான். வாசிப்புக் காட்டில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மரம் உண்டு. நூலக அலமாரியில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஆனால் ஒரு தமிழ்ப் புத்தகத்துக்கு ஓட்டுப் போட இடம் இல்லை.

மாநிலம் முழுக்க வேண்டாம், ஒரு கிளை நூலகம், பக்கத்தில் ஒரு பள்ளி, 60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 10 புத்தகங்கள் கொண்ட பட்டியல். குறைந்தது 3 படித்தால் ஓட்டு. நான்கு மாதம், அதாவது சுமார் 16 வாரம். பிள்ளைகள் 60, ஆளுக்கு 3 என்றால் 180 வாசிப்புகள். ஒரு பிரதி இரண்டு வாரத்துக்கு ஒரு கை என்று சுற்றினால் 16 வாரத்தில் 8 கை மாறும். 180ஐ 8ஆல் வகுத்தால் 23 பிரதிகள் வருகிறது. புத்தகம் வீட்டிலேயே தங்கிவிடும், திரும்பி வந்தது அலமாரியில் தூங்கும், எல்லாரும் ஒரே புத்தகத்தைக் கேட்பார்கள். அதனால் 40 வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் நான்கு. சராசரியாகப் பிரதி 100 ரூபாய் என்று வைத்தால் 4,000 ரூபாய். ஓட்டுப்பெட்டிக்கு ஒரு செருப்புப் பெட்டி போதும், மேலே ஒரு கீறல் போட்டால் ஆயிற்று.

ஓட்டு எண்ணி முடித்ததும் இரண்டு பட்டியலையும் ஒட்டி வையுங்கள். மொத்த ஓட்டில் எது முதல், படித்தவர்களில் அதிகம் பேருக்குப் பிடித்தது எது. இரண்டும் வேறு வேறாக வந்தால், ஏன் அப்படி என்று பிள்ளைகளையே கேளுங்கள்.